துவர்ப்பின் அருமை

(உணவுப் பண்பாடு பற்றிய சொற்பொழிவு வரிசையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கனமான சிவப்பு ஒயின்களைச் சுவைத்து அறிவது எப்படி என்பது இன்று எனக்குத் தரப்பட்ட பொருள். அப்படிப்பட்ட ஒயின்கள் உலகில் பல உண்டு. பிரான்சின் போர்தோவில் காபர்னே சோவின்யான் இருக்கிறது. ரோன் ஆற்றங்கரைச் சரிவுகளில் சீரா இருக்கிறது. அதே சீரா ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் ஷிராஸ் என்ற பெயரில் விளைகிறது. அர்ஜென்டினாவின் மெந்தோசாவுக்கு மால்பெக். பறித்த பழத்தை மாதக்கணக்கில் உலர்த்திய பிறகே பிழிகிற அமரோனே இத்தாலியின் வால்போலிசெல்லாவுக்கு. எல்லாவற்றையும் ஒரே உரையில் சுற்றி வந்தால் உங்கள் கையில் பெயர்கள் மட்டுமே மிஞ்சும். ஆகவே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வடமேற்கு இத்தாலியில், பீட்மாண்ட் மாநிலத்தில், லாங்கே குன்றுகளில் விளையும் நெபியோலோ திராட்சையிலிருந்து செய்யப்படும் பரோலோ அது.

பரோலோவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கனமான சிவப்பு ஒயின் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணங்களில் பாதியை அது முதல் கோப்பையிலேயே கலைத்துவிடும். கருத்திருந்தால் கனமாக இருக்கும், கனமாக இருந்தால் உயர்ந்ததாக இருக்கும் என்று நினைக்கிறோம். இரண்டும் தவறு. ஒரு கனமான ஒயினின் மேன்மை, அதன் எடை எவ்வளவு என்பதைவிட அந்த எடையை எது தாங்கி நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது. தாங்கி நிற்பதில் பெரும்பங்கு துவர்ப்புக்கு. முதல் மிடறில் பலரும் முகம் சுளிப்பது அந்தத் துவர்ப்புக்காகத்தான். அதை வாசிக்கப் பழகிவிட்டால் இந்த ஒயின்கள் அனைத்தும் நமக்குத் திறக்கும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

கனம் எங்கிருந்து வருகிறது

பெரும்பாலான கறுப்புத் திராட்சை வகைகளைப் பிழிந்தால் சாறு ஏறக்குறைய நிறமில்லாமல்தான் வரும். நிறம் தோலில் இருக்கிறது. அதனால்தான் பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியில் பினோ நுவார் என்னும் கறுப்புத் திராட்சையிலிருந்து வெண்ணிற ஒயின் செய்ய முடிகிறது. பிழிந்த உடனே தோலை நீக்கிவிடுகிறார்கள். சிவப்பு ஒயின் வேண்டுமானால் சாற்றைத் தோலோடும் விதையோடும் சேர்த்தே நொதிக்கவிட வேண்டும். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும்போது எழும் கரியமில வாயு, தோல்களையெல்லாம் மேலே தள்ளி ஒரு தடித்த அடுக்காக மிதக்கவிடும். அந்த அடுக்கை நாள்தோறும் கீழே அமுக்குவார்கள், அல்லது தொட்டியின் அடியிலிருந்து சாற்றை எடுத்து அதன்மேல் ஊற்றுவார்கள். அந்த நாட்களில் தோலிலிருந்து நிறம் இறங்கும். தோலிலிருந்தும் விதையிலிருந்தும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இறங்கும்.

ஒயின் பழகியவர்கள் 'ஃபுல் பாடி' என்று சொல்லும் அந்தக் கனம் பல பொருட்கள் சேர்ந்து தருவது. முதலாவது ஆல்கஹால். 14 சதவீத ஒயின் 11 சதவீத ஒயினைவிட வாயில் தடிப்பாகத் தெரியும். லேசான இனிப்பையும் சூட்டையும் சேர்த்துத் தரும். பழம் எவ்வளவு பழுத்து எவ்வளவு சர்க்கரை சேர்த்ததோ அவ்வளவு ஆல்கஹால் என்பதால், இங்கே வெயிலும் பறிக்கும் நாளும் பேசுகின்றன. இரண்டாவது டானின். மூன்றாவது, தோலும் சதையும் ஒயினில் கரைத்துவிட்ட மற்ற பொருட்கள். இவற்றோடு புளிப்பும் இருக்கிறது. அது எடையைக் கூட்டாது. ஆனால் எடையைத் தூக்கி நிறுத்தும். புளிப்பு இல்லாத கனமான ஒயின் வாயில் சோம்பிக் கிடக்கும்.

துவர்ப்பு என்பது உண்மையில் நாக்கின் சுவை மொட்டுகளைவிட வாயின் தொடுவுணர்வைச் சார்ந்தது. நம் உமிழ்நீரில் புரதங்கள் இருக்கின்றன. வாயை வழுவழுப்பாக வைத்திருப்பவை அவை. டானின் அவற்றைப் பற்றிக்கொண்டு திரட்டிவிடுகிறது. வழுவழுப்பு போய்விடுவதால் கன்னத்தின் உட்புறமும் ஈறும் உலர்ந்து இறுகுவதாக உணர்கிறோம். கொட்டைப் பாக்கை மெல்லும்போது வாய்க்குள் நடப்பதும் இதுதான். பாக்கில் இருப்பதும் டானின் குடும்பத்துப் பொருளே. பாக்கு மென்று பழகிய ஊரில் துவர்ப்பை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. துவர்ப்புக்குள் தரம் பிரிக்கத்தான் கற்க வேண்டும்.

கண்ணை நம்பும் அளவு

இப்போது கோப்பையில் பரோலோவை ஊற்றுவோம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கோப்பையைச் சாய்த்து, கீழே ஒரு வெள்ளைத் துணியோ தாளோ வைத்துப் பாருங்கள். மால்பெக்காக இருந்தால் கருநீலமாக, விரல் தெரியாத அடர்த்தியில் இருக்கும். பரோலோவின் வழியாகவோ அந்தப் பக்கத்து எழுத்தைப் படித்துவிடலாம். மாதுளை முத்தின் வெளிர்சிவப்பு. சில ஆண்டுகளிலேயே விளிம்பில் செங்கல் நிறம் ஏறிவிடும். நெபியோலோவின் தோலில் உள்ள நிறமிகளில் பெரும்பகுதி எளிதில் ஆக்சிஜனோடு சேர்ந்து மங்கும் வகையைச் சேர்ந்தவை என்பதே இதற்குக் காரணம். ஆனால் அதே பழத்தில் டானின் மிக அதிகம், புளிப்பும் மிக அதிகம். வெளிறிய தோற்றத்தைப் பார்த்து மெலிந்த ஒயின் என்று எண்ணிக் குடிப்பவரின் ஈறுகளை அது இறுக்கிப் பிடிக்கும்.

நிறம் நம் மூக்கையும் ஏமாற்றும். போர்தோவில் ஃபிரெதெரிக் புரோஷேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்து 2001-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஒயின் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்த 54 மாணவர்களுக்கு ஒரு வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அதே வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்தும் கொடுத்தார்கள். சாயம் கலந்த ஒயினின் மணத்தை விவரிக்க அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களையே எடுத்தார்கள். இதை வைத்து மாணவர்களைக் கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடு இல்லை. கண் முந்திக்கொண்டு சொல்வதை மூக்கு ஆமோதிக்கும் என்பது மனித இயல்பு. அந்த இயல்பை அறிந்து நடப்பதே சுவைப்பவரின் முதல் ஒழுக்கம். நிறத்திடம் வயதைக் கேளுங்கள். ஒயின் தெளிவாக இருக்கிறதா, கலங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். கனத்தையும் தரத்தையும் பற்றி அதனிடம் கேட்க வேண்டாம்.

குன்றுகளின் கதை

பரோலோ என்பது ஒரு சிற்றூரின் பெயர். அல்பா நகருக்குத் தெற்கே அந்தச் சிற்றூரையும் சேர்த்து 11 ஊராட்சிகளில் விளையும் நெபியோலோவுக்கு மட்டுமே அந்தப் பெயரைப் புட்டியின் சீட்டில் போட உரிமை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இந்த ஒயின் புகழ் பெற்றதில் இரண்டு பேருக்குப் பங்கு உண்டு. ஒருவர் பிரான்சில் பிறந்து பரோலோவின் பிரபுக் குடும்பத்தில் மணமான ஜூலியட் கோல்பர்ட். மற்றவர், பக்கத்தில் கிரின்சானே ஊரின் மேயராகப் பல ஆண்டுகள் இருந்து, பின்னால் ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் பிரதமரான கவூர். இத்தாலிய ஒயின் சட்டத்தின் மிக உயர்ந்த தகுதி 1980-ல் பரோலோவுக்குக் கிடைத்தது. இந்தத் திராட்சைக் குன்றுகளின் நிலக்காட்சியை 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நெபியோலோ பிடிவாதக்காரக் கொடி. இளவேனிலில் சீக்கிரம் துளிர்த்துவிடும். ஆனால் பழுப்பதற்கு அக்டோபர் வரை இழுக்கும். அதற்குள் குன்றுகளைப் பனிமூட்டம் சூழத் தொடங்கிவிடும். எனவே தெற்கும் தென்மேற்கும் பார்த்த, வெயில் நின்று விழும் சரிவுகளே இதற்கு ஏற்றவை. வேறு நாடுகளில் இதை நட்டுப் பார்த்தவர்கள் பலர். லாங்கேயில் தரும் பலனை அது வேறெங்கும் அவ்வளவு எளிதில் தருவதில்லை.

மண்ணும் பேசுகிறது. மேற்குப் பக்கத்து லா மொர்ராவிலும் பரோலோ ஊரிலும் நீலஞ்சாம்பல் நிறச் சுண்ணாம்புக் களிமண் அதிகம். அங்கிருந்து வரும் ஒயின்கள் பொதுவாக மணம் மிகுந்து, சற்று முன்னதாகவே இணங்கி வரும். கிழக்கே செர்ரலுங்காவில் மண் வயதில் மூத்தது. மணற்கல்லும் சுண்ணாம்பும் கலந்தது. அங்கத்திய ஒயின்கள் இறுக்கமானவை, துவர்ப்பு நிமிர்ந்தவை, நெடுநாள் காத்திருக்கச் சொல்பவை. இரு பக்கங்களுக்கும் நடுவே சில கிலோமீட்டர் தூரம்தான். ஒரே திராட்சை, ஒரே ஆண்டு, ஒரே சட்டம்; துவர்ப்பின் குணம் மட்டும் வேறு. இந்த இரண்டையும் அருகருகே வைத்துச் சுவைப்பதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

மூக்குக்கு வேலை

கோப்பையை அசைக்காமல் முதலில் ஒரு முறை முகருங்கள். எளிதில் ஆவியாகும் மென்மையான மணங்கள் அப்போதுதான் தெரியும். பிறகு கோப்பையின் அடியை மேசைமேல் வைத்தபடியே வட்டமாகச் சுழற்றி மறுபடி முகருங்கள். காற்றுப் பட்டதும் அடியில் இருந்த கனமான மணங்கள் மேலே வரும். இழுத்து இழுத்து முகர வேண்டாம்; மூக்கு விரைவில் களைத்துப்போகும். இரண்டு மூன்று சிறிய முகர்வுகள், பிறகு சற்று ஓய்வு. அதுவே போதும்.

பரோலோவில் பலரும் சொல்லும் இணை, ரோஜாவும் தாரும். புதிதாகப் போட்ட சாலையின் தார் வாடையும் வாடிய ரோஜா இதழும் ஒரே கோப்பையில் எப்படி என்று வியப்பீர்கள். முகர்ந்தால் இரண்டும் இருக்கும். இளமையில் செர்ரியும் ஊதாப்பூவும். வயது ஏற ஏற உலர்ந்த பழம், தோல், புகையிலை, மழை நனைத்த காட்டுத்தரை. அல்பா ஊர் வெள்ளைக் காளானுக்கும் பெயர் போனது. நிலத்துக்கடியில் விளையும் அந்த விலையுயர்ந்த டிரஃபிளின் வாசம் பழைய பரோலோவிலும் எட்டிப் பார்க்கும்.

இந்தப் பெயர்களைக் கேட்டதும் பலர் பின்வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். 'எனக்கு எதுவும் தெரியவில்லையே' என்பார்கள். அவர்களுக்கு இரண்டு செய்திகள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பணியாற்றிய ஆன் நோபல் 1980-களில் மணச் சக்கரம் ஒன்றை உருவாக்கினார். 'கம்பீரம்', 'நளினம்' போன்ற சொற்களை ஒதுக்கிவிட்டு, யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கி முகர்ந்து சரிபார்க்கக்கூடிய பொருட்களின் பெயர்களை அதில் அடுக்கினார். மணம் பழகுவது பிறவி வரம் அல்ல, பயிற்சி என்பதே அதன் அடிப்படை. நம் சமையலறையிலேயே கிராம்பும் ஏலக்காயும் உலர்திராட்சையும் மிளகும் இருக்கின்றன. அவற்றின் டப்பாக்களைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்து முகர்ந்து பெயர் சொல்லிப் பழகுங்கள்.

இரண்டாவது செய்தி, ஆளுக்கு ஆள் மூக்கு வேறு. சீரா ஒயினில் மிளகு வாசம் தரும் பொருள் ரோட்டண்டோன் என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வு நிறுவனம் 2008-ல் கண்டறிந்தது. மிளகின் வாசத்துக்கும் அதே பொருள்தான் காரணம். ஆனால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்தப் பொருளை முகரவே முடிவதில்லை. ஆகவே அடுத்தவர் சொன்ன மணம் உங்களுக்குத் தென்படவில்லை என்றால் பொய்யாகத் தலையாட்டாதீர்கள். உங்கள் மூக்கு சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாயில் நடப்பது

ஒரு சிறு மிடறு எடுத்து உடனே விழுங்காமல் வாய் முழுவதும் பரவவிடுங்கள். உதடுகளைக் குவித்துச் சிறிது காற்றை உள்ளிழுங்கள். மணம் தொண்டைவழியாக மூக்கின் பின்புறத்தை அடையும். பல மணங்கள் அங்கேதான் முழுமையாகப் புலப்படும். இதைச் செய்துகொண்டே நான்கை வரிசையாகக் கவனியுங்கள்.

முதலில் புளிப்பு. நாக்கின் ஓரங்களில் உமிழ்நீர் ஊறினால் புளிப்பு உயிரோடு இருக்கிறது. அடுத்து ஆல்கஹால். தொண்டையில் இதமான சூடு மட்டும் என்றால் நல்லது. எரிச்சலாகத் தனித்து நின்றால் சமநிலை குலைந்திருக்கிறது. மூன்றாவது துவர்ப்பு. அது எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், எப்படிப்பட்டது, எங்கே பிடிக்கிறது என்றும் கேளுங்கள். பழுக்காத விதையிலிருந்து வந்த துவர்ப்பு கசப்போடு சேர்ந்து, காய்த்தன்மையோடு நாக்கின் நடுவில் உறுத்தும். பழுத்த தோலின் துவர்ப்பு மாவுபோல் மெல்லிய பொடியாகப் பரவி, ஈறு நெடுகச் சீராகப் பிடித்து, மெல்ல விடும். நான்காவது, விழுங்கியபின் அல்லது துப்பியபின் எஞ்சி நிற்பது. நிற்பது பழமும் மணமும் என்றால் ஒயின் பெரியது. வறட்சி மட்டும் நிற்கிறது என்றால் அந்தக் கனம் வீண்.

நவீன ஒயின் அறிவியலை வளர்த்தவர்களில் முக்கியமானவர் போர்தோவின் எமில் பெய்னோ. சுவைத்தறிதல் பற்றி 1980-ல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். சிவப்பு ஒயினின் சமநிலைக்கு அவர் சொன்ன கணக்கு எளியது. தராசின் ஒரு தட்டில் ஆல்கஹால் தரும் இனிமை. மறு தட்டில் புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்து. துவர்ப்பு அதிகமான ஒயினில் புளிப்பும் அதிகமாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கூர்மையாக்கிவிடும். பரோலோவில் இரண்டுமே உச்சத்தில் இருக்கின்றன. அதனால்தான் அதைச் செய்வதும் கடினம், இளமையில் குடிப்பதும் கடினம். இந்தக் கடினத்தை எப்படி அவிழ்ப்பது என்ற கேள்விதான் லாங்கேயை இரண்டாகப் பிளந்தது.

ஒரு ஊரின் பெரும் வழக்கு

பழைய முறையில் தோலையும் விதையையும் சாற்றோடு ஒரு மாதம், சில இடங்களில் அதற்கும் மேல் ஊறவிடுவார்கள். பிறகு ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் பெரிய பழைய பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் ஓய்வு. ஜாக்கோமோ கான்தெர்னோ குடும்பத்தின் மான்ஃபோர்த்தினோ என்னும் பரோலோ ஏழு ஆண்டுகள்வரை பீப்பாயில் இருந்த காலமும் உண்டு. அப்படி வந்த ஒயின் புட்டியிலும் பல ஆண்டுகள் கிடந்தால்தான் இளகும். வாங்குபவருக்குப் பொறுமை இல்லாத காலம் வந்தபோது விவசாயிகளின் கையில் காசு இல்லை.

1970-களின் நடுவில் லாங்கேயின் இளைஞர் எலியோ அல்தாரே பிரான்சின் பர்கண்டிக்குப் போய், அங்குள்ள விவசாயிகள் எவ்வளவு நன்றாக வாழ்கிறார்கள் என்று பார்த்துத் திரும்பினார். 1983-ல் சங்கிலி ரம்பம் ஒன்றை எடுத்துத் தந்தையின் பழைய பீப்பாய்களை அறுத்துப்போட்டார். தந்தைக்கும் மகனுக்கும் இருந்த உறவும் அதோடு அறுந்தது. அவரும் அவரைப் போன்றவர்களும் ஊறும் நாட்களைச் சில நாட்களாகக் குறைத்தார்கள். பாரிக் எனப்படும் 225 லிட்டர் கொள்ளும் புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாயைக் கொண்டுவந்தார்கள். ஒயின் கருத்தது, மிருதுவானது, வெனிலா வாசம் ஏறியது. அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் 1978-ல் தொடங்கிய இதழின் நூறு மதிப்பெண் முறை உலகச் சந்தையை ஆட்டிவைத்த காலம் அது. அடர்ந்த, கருத்த, ஓக் மணக்கும் ஒயின்களுக்குப் பெரும் தேவை இருந்தது.

எதிர்ப்பக்கம் நின்றவர்களில் முதன்மையானவர் பார்த்தோலோ மஸ்கரெல்லோ. தம் புட்டிகளின் சீட்டைத் தாமே வரைந்தவர் அவர். ஒரு சீட்டில் 'பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்' என்று எழுதினார். அரசியலில் தாம் வெறுத்த பெர்லுஸ்கோனியையும் நிலவறையில் தாம் வெறுத்த பாரிக்கையும் ஒரே வரியில் சேர்த்துவிட்டார். புதிய ஓக் மணம் நெபியோலோவின் ரோஜாவை மூடிவிடும், எல்லா ஊர் ஒயினும் ஒரே ஒயினாகிவிடும் என்பது அவர் வாதம்.

இன்று அந்தச் சண்டை ஓய்ந்துவிட்டது. புதியவர்கள் ஓக்கைக் குறைத்துக்கொண்டார்கள். பழையவர்கள் நிலவறைத் தூய்மையையும் பழத்தின் முதிர்ச்சியையும் கூர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். பரோலோ குறைந்தது 38 மாதங்கள் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரத்தில் என்று சட்டம் சொல்கிறது. ரிசர்வா என்றால் 62 மாதம். அல்தாரேயின் கோபத்தில் நியாயம் இருந்தது. உழைத்தவன் வறுமையில் கிடக்கக் கூடாது. ஆனால் சுவையைப் பொறுத்தவரை என் மனம் மஸ்கரெல்லோவின் பக்கம். துவர்ப்பை மறைத்து வரும் மிருதுவைவிட, துவர்ப்பு பழுத்து வரும் மிருது உயர்ந்தது. முன்னதை முதல் மிடறிலேயே முழுவதும் அறிந்துவிடலாம். பின்னது மணிக்கொரு முகம் காட்டும்.

காலம் செய்யும் வேலை

புட்டியில் கிடக்கும் ஆண்டுகளில் டானின்கள் நிறமிகளோடும் தம்மிலும் இணைந்து உருமாறுகின்றன. ஒரு பகுதி வண்டலாக அடியில் படிகிறது. துவர்ப்பின் கூர்மை மழுங்க, அதன் பின்னால் இருந்த மணங்கள் முன்னுக்கு வருகின்றன. துவர்ப்போ புளிப்போ இல்லாத ஒயினுக்கு இந்தப் பயணம் வாய்க்காது. அது வாடிப்போகும், முதிராது.

இளமையில் இத்தகைய ஒயினைத் தீர்ப்பிடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் மேக்ஸ் ஷூபர்ட் 1950-ல் போர்தோவுக்குப் போய்வந்து, நெடுங்காலம் நிலைக்கும் ஒயின் ஒன்றை 1951-ல் ஷிராஸ் திராட்சையில் சோதனையாகச் செய்தார். அதுதான் கிரேஞ்ச். இளம் கிரேஞ்சைச் சுவைத்தவர்கள் கடுமையாகப் பழித்தார்கள். 1957-ல் நிறுவனம் அதை நிறுத்தச் சொல்லிவிட்டது. ஷூபர்ட் அந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் மறைவாகவே செய்துவந்தார். இதற்குள் முதல் புட்டிகள் முதிர்ந்தன. சுவைத்துப் பார்த்த நிர்வாகம் 1960-ல் மீண்டும் செய்யச் சொன்னது. 1955-ஆம் ஆண்டுக் கிரேஞ்ச் 1962-ல் சிட்னி கண்காட்சியில் தங்கம் வென்றது. ஒயின் மாறியது, பழித்த நாக்குகளும் மாற வேண்டியிருந்தது.

நம் மேசையில்

இனி நடைமுறைக்கு வருகிறேன். கனமான சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறலாம் என்று ஐரோப்பியர் சொல்வது 16 முதல் 18 டிகிரி செல்சியசை மனதில் வைத்து. சென்னையின் அறை 30 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால் முன்னே பாய்ந்து மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். குளிர்ப்பெட்டியில் அரை மணி நேரம் வைத்து எடுங்கள். மிகையாகக் குளிர்ந்தாலும் கெடுதல், துவர்ப்பு முரடாகிவிடும். இளம் பரோலோவை ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றிக் காற்றாட விடலாம். முதிர்ந்த ஒயினை அப்படி விடக் கூடாது. வண்டல் மட்டும் பிரியும்படி மெல்ல ஊற்றி உடனே சுவைக்க வேண்டும்.

டானின் இறைச்சியின் புரதத்தையும் பற்றிக்கொள்ளும், கொழுப்பு வாய்க்கு வழுவழுப்பைத் திருப்பித் தரும். பீட்மாண்டில் மாட்டிறைச்சியைப் பரோலோவிலேயே மணிக்கணக்கில் வேகவைத்து அதே ஒயினோடு உண்பது இதனால்தான். நம் சமையலில் மிளகாய்தான் தடை. அது ஆல்கஹாலின் எரிச்சலைக் கூட்டி, துவர்ப்பையும் முரடாக்கும். மிளகாய் குறைத்து, மிளகும் நெய்யும் சேர்த்து நிதானமாக வதக்கிய ஆட்டுக்கறி பொருந்தும். மீன் குழம்பு பொருந்தாது. உலோகச் சுவை எழும்.

பரோலோவின் விலை அதிகம். இறக்குமதித் தீர்வையும் சேரும்போது இன்னும் ஏறும். லாங்கே நெபியோலோ என்ற பெயரில் வரும் ஒயின் அதே திராட்சை, எளிய விலை. பயிற்சிக்கு நாசிக்கிலும் பெங்களூருக்கு அருகே நந்தி மலைப் பகுதியிலும் விளையும் ஷிராஸும் காபர்னேயும் போதும். துவர்ப்பை வாசிக்கும் முறை எங்கும் ஒன்றுதான்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சுவைத்தல் வேறு, குடித்தல் வேறு. தொழில்முறைச் சுவைஞர்கள் துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறார்கள். ஆல்கஹாலில் தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. குடிக்காதவர் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை. தொடங்கியவர் அளவைக் குறைத்துக் கவனத்தைக் கூட்டட்டும். இரண்டு மிடறில் கற்றுக்கொள்ள முடியாததை இரண்டு புட்டியில் யாரும் கற்றதில்லை.

நண்பர்களே, வாய்ப்பு அமையும்போது இதைச் செய்து பாருங்கள். இரண்டு கனமான சிவப்பு ஒயின்களைச் சீட்டு தெரியாமல் துணி சுற்றி அருகருகே வையுங்கள். விலையும் மதிப்பெண்ணும் தெரிவதற்கு முன் புளிப்பு, சூடு, துவர்ப்பு, எஞ்சுவது என நான்கையும் உங்கள் சொற்களில் எழுதுங்கள். துவர்ப்பு எங்கே பிடித்தது, எப்போது விட்டது, விட்டபின் என்ன மீந்தது என்று எழுதிய பிறகு துணியை அவிழ்த்துப் பாருங்கள். கருத்தது வென்றிருக்கலாம், வெளிறியது வென்றிருக்கலாம். எது வென்றாலும் ஏன் என்று உங்களால் காரணம் சொல்ல முடியும். இந்தக் கலையில் நான் மதிக்கும் தேர்ச்சி அதுதான். ஆண்டு முழுவதும் வெயிலிலும் பனியிலும் ஒரு கொடியைக் காத்து, பல ஆண்டு பொறுத்து ஒயினாக்கித் தந்தவருக்கு நாம் செலுத்தக்கூடிய நேர்மையான மரியாதையும் அதுவே.